லேயர் மாஸ்க் போட்டும் நாயின் முடியைச் சுற்றி வெளிறிய கோடு: எப்படிச் சரிசெய்வது?

வெண்புள்ளி எழுதியது:

கிம்ப் 2.10 என்ற படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எங்கள் நாயின் படம் ஒன்று இருக்கிறது. கறுப்பும் பழுப்புமாக நீள முடி, பின்னால் வெளிறிய சாம்பல் நிறச் சுவர். நாயை மட்டும் பிரித்தெடுத்து, அந்தி நேரப் புல்வெளிப் படம் ஒன்றின் மேல் வைக்க வேண்டும். சட்டம் போட்டு மாட்டும் அளவுக்குப் பெரிதாக அச்சடிக்கப் போகிறேன். கிட்டப் போய்ப் பார்த்தாலும் வெட்டி ஒட்டியது தெரியக் கூடாது.

இதுவரை செய்தது இதுதான். ஃப்ரீ செலக்ட் கருவியால் நாயைச் சுற்றி வளைத்தேன். லேயரின் (படத்தின் ஓர் அடுக்கு) மேல் வலது கிளிக் செய்து 'ஆட் லேயர் மாஸ்க்' (லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்வது) போய், அதில் 'செலக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சுவர் மறைந்தது, புல்வெளி வந்தது. அதுவரை சந்தோஷம். பெரிதாக்கிப் பார்த்தால் முதுகு, காது, வால் எல்லா இடத்திலும் சுவரின் நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. மென்மையான பிரஷ்ஷில் கறுப்பு எடுத்து மாஸ்க்கில் தடவினால் கோடு போகிறது, கூடவே முடியும் போய் நாய் பஞ்சு பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளையால் தடவினால் முடி திரும்பி வருகிறது, சுவரும் வருகிறது. இப்படியே மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, உடம்பின் நடுவிலேயே எங்கோ புல் லேசாக ஊடுருவித் தெரிகிறது. எந்த இடம் என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை.

பேசாமல் அழிப்பானால் சுவரை அழித்துவிடு என்கிறாள் அக்கா. முடி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதானா?


தூரிகை எழுதியது:

அக்காவிடம் சொல்லுங்கள், ஒன்றல்ல. அழிப்பானில் போன பிக்சல் போனதுதான், அண்டூ எட்டுகிற வரைதான் அதற்கு ஆயுள். மாஸ்க்கில் நீங்கள் கறுப்பாக்கிய இடத்தில் படம் லேயருக்குள் அப்படியே இருக்கிறது, காட்டப்படவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் திறந்து வெள்ளை தடவினாலும் வரும்.

ஆனால் உங்கள் சிக்கல் அது இல்லை. நீங்கள் மாஸ்க்கைப் பிரஷ்ஷால் தடவ மட்டுமே உள்ள ஒன்றாக நினைக்கிறீர்கள். பொருள்களின் படங்களைப் பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார்கள். மாஸ்க் என்பது ஒரு கறுப்புவெள்ளைப் படம். அதில் 0 என்றால் மறை, 255 என்றால் காட்டு, நடுவில் உள்ள சாம்பல் எல்லாம் அரைகுறையாகக் காட்டு. படம் என்றால் படத்துக்குச் செய்கிற எல்லாமே அதற்கும் செய்யலாம். லெவல்ஸ் (இருட்டு, வெளிச்ச வரம்புகளை மாற்றும் கருவி) போடலாம், மங்கலாக்கலாம், ஒரு மூலையை மட்டும் செலக்ட் செய்து மாற்றலாம், வேறு படத்தை எடுத்து உள்ளே ஒட்டலாம்.

முதலில் மாஸ்க்கை மாஸ்க்காகவே பாருங்கள். லேயர் பேனலில் மாஸ்க்கின் குட்டிப் படத்தை ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்தால் திரையில் அந்தக் கறுப்புவெள்ளைப் படம் மட்டும் வரும், குட்டிப் படத்தைச் சுற்றிப் பச்சைச் சட்டம் தெரியும். கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக அணைந்து சிவப்புச் சட்டம் வரும். லினக்ஸ் என்றால் சில டெஸ்க்டாப்களில் ஆல்ட் கிளிக்கை விண்டோவை நகர்த்தும் வேலை பிடுங்கிக்கொள்ளும். அப்போது லேயர் மெனுவில் மாஸ்க் என்பதற்குள் 'ஷோ லேயர் மாஸ்க்' இருக்கிறது.

உடம்பின் நடுவில் புல் தெரிகிறது என்றீர்களே, அதை இப்படிப் பிடிக்கலாம். மாஸ்க்கைக் கிளிக் செய்து செயலில் வைத்துக்கொண்டு, கலர்ஸ் மெனுவில் த்ரெஷோல்டைத் திறந்து கீழ் வரம்பை 250 பக்கம் கொண்டுபோங்கள். முழு வெள்ளையாக இல்லாத ஒவ்வொரு புள்ளியும் கன்னங்கரேல் என்று தெரியும். எங்கே என்று பார்த்துக்கொண்டு கேன்சல் கொடுத்துவிடுங்கள், ஓகே கொடுக்க வேண்டாம். 245 சாம்பலைக் கண்ணால் வெள்ளையிலிருந்து பிரிக்கவே முடியாது, ஆனால் அடியில் வேறு படம் இருந்தால் அது கறையாகத் தெரியும். அந்த இடங்களைக் கெட்டியான பிரஷ்ஷால் வெள்ளை அடித்து மூடுங்கள். பிரஷ்ஷுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

அப்புறம் ஓரக்கோடு. மூக்கு, பாதம், வயிற்றின் அடிப்பாகம் மாதிரி முடி ஒட்டிக்கிடக்கும் இடங்கள் சுலபம். அந்தப் பகுதியை மட்டும் தோராயமாக வளைத்து செலக்ட் செய்யுங்கள். மாஸ்க்குக்கு காசியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) 1.5 அளவில் கொடுங்கள். பிறகு லெவல்ஸில் இடது கறுப்பு முக்கோணத்தை 120 பக்கம் தள்ளுங்கள். ஓரத்தில் இருந்த சாம்பலில் வெளிப்பாதி கறுப்பாகிவிடும், அதாவது மாஸ்க்கின் எல்லை கொஞ்சம் உள்ளே நகரும். கோடு போய்விடும், ஓரமும் கத்தியால் வெட்டியது போல ஆகாது. எல்லையை ஒரேயொரு பிக்சல் நகர்த்தினால் போதும் என்றால் ஃபில்டர்ஸ், ஜெனரிக் என்று போனால் 'இரோட்' இருக்கிறது. அது கறுப்பை அகலமாக்கும். 'டைலேட்' வெள்ளையை அகலமாக்கும்.

இதைப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் செய்யாதீர்கள். கேமரா மூக்கில் ஃபோகஸ் ஆகியிருந்தால் வால் மங்கலாகத்தான் இருக்கும். மூக்கின் மாஸ்க் கூர்மையாகவும் வாலின் மாஸ்க் மென்மையாகவும் இருக்க வேண்டும். ஒட்டுவேலை பல்லிளிப்பது பெரும்பாலும் இதனால்தான். நிறம் பொருந்தாததைக்கூட மன்னித்துவிடுவார்கள், மங்கலான வாலுக்குக் கூரான ஓரம் இருப்பதைக் கண் மன்னிக்காது.

காது, முதுகு, வால் ஆகியவற்றில் பறக்கும் முடிக்கு செலக்‌ஷனால் ஒன்றும் நடக்காது. அந்த மாஸ்க்கைப் படத்திலிருந்தே எடுக்க வேண்டும். சேனல் பேனலைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நீலம் குறைவு, அதனால் நீலச் சேனலில் முடி நல்ல இருட்டாகவும் சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். அதில் வலது கிளிக் செய்து நகல் எடுங்கள். நகலின் மேல் கலர்ஸில் இன்வர்ட் கொடுத்தால் முடி வெள்ளை, சுவர் கறுப்பு. இப்போது லெவல்ஸ். சுவர் முழுக்கக் கறுப்பாகும் வரை இடது முக்கோணம், உடம்பு வெள்ளையாகும் வரை வலது முக்கோணம். கடைசி வரை இழுத்துவிடாதீர்கள். நுனிமுடியில் மிச்சம் இருக்கும் சாம்பல்தான் முடி, அதை இழந்தால் பழைய பொம்மைதான்.

மிச்சத்தை டாட்ஜ், பர்ன் கருவியால் முடிக்கலாம். பர்னை 'ஷேடோஸ்' என்று வைத்துச் சுவர்ப்பக்கம் தடவினால் இருட்டுச் சாம்பல் மட்டும் கறுப்பாகும், வெள்ளை முடி பெரும்பாலும் தப்பிக்கும். டாட்ஜை 'ஹைலைட்ஸ்' என்று வைத்து முடியின் மேல் தடவினால் தலைகீழ். பிரஷ்ஷில் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்து நீங்கள் வரவைக்கப் பார்த்தது இதைத்தான்.


நீர்க்கோடு எழுதியது:

தூரிகை அண்ணா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. வெண்புள்ளி, நீங்கள் இணையத்தில் பார்க்கும் பாடங்களில் பாதிக்கு மேல் போட்டோஷாப்புக்கானவை. அதில் ஆல்ட் கிளிக் இதே மாதிரி மாஸ்க்கைக் காட்டும். ஆனால் அணைப்பது ஷிஃப்ட் கிளிக், கன்ட்ரோல் கிளிக் செய்தால் மாஸ்க் செலக்‌ஷனாக மாறிவிடும். கிம்ப்பில் அதே கன்ட்ரோல் கிளிக் மாஸ்க்கை அணைக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு விரல் எப்போதும் குழம்பும்.

போட்டோஷாப்பில் எனக்குப் பிடித்தது பேக்ஸ்லாஷ் விசை. மாஸ்க் மறைத்த இடமெல்லாம் படத்தின் மேல் சிவப்புக் கண்ணாடி வைத்தது போலத் தெரியும், அப்படியே தடவிக்கொண்டு போகலாம். அச்சுத் தொழிலில் ரூபிலித் என்று ஒரு சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி மாஸ்க் செய்வார்கள். அச்சுக் கேமராவின் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பும் சிவப்பும் அதற்கு ஒன்று. வெட்டுகிறவருக்கோ அடியில் உள்ள படம் தெரியும். அந்தச் சிவப்புதான் இது. கிம்ப்பில் ஷிஃப்டும் க்யூவும் சேர்த்து அழுத்தினால் வரும் குவிக் மாஸ்க்கிலும் அதே சிவப்பு.

நான் வரைவது கிரிட்டாவில். அங்கே இதன் பெயர் டிரான்ஸ்பரன்சி மாஸ்க். லேயரின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளாமல் அடியில் தனி வரியாக வரும், அதனால் எதன் மேல் தடவுகிறோம் என்பதில் சந்தேகமே வராது. கிம்ப்பில் குட்டிப் படத்தைச் சுற்றி உள்ள மெல்லிய வெள்ளைக் கோட்டைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொரு தடவைக்கு முன்னும் அதை ஒரு பார்வை பாருங்கள்.


வெண்புள்ளி எழுதியது:

இருவருக்கும் நன்றி. த்ரெஷோல்ட் வித்தை அபாரம். தோளில் இரண்டு இடம், கழுத்துப்பட்டைக்குப் பக்கத்தில் ஒரு திட்டு, எல்லாம் மாட்டின. மூக்கும் பாதமும் லெவல்ஸில் சுத்தமாகிவிட்டன.

நீலச் சேனலும் எடுத்துவிட்டேன். முடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது, நம்பவே முடியவில்லை. ஆனால் மூன்று சந்தேகம். நாயின் கண்ணில் உள்ள ஒளிப்புள்ளி, நாக்கு, நெஞ்சில் உள்ள வெள்ளை முடி எல்லாம் அந்தச் சேனலில் கறுப்பாகிவிட்டன, அங்கே ஓட்டை விழுகிறது. தரையின் நிழலோ வெள்ளையாகி நாயோடு சேர்ந்துகொண்டது. என் பழைய மாஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் சேர்க்க வழி உண்டா?

அடுத்தது, முடிநுனியில் கோடு இல்லை, ஆனால் முடியே வெளிறிப்போய்த் தெரிகிறது. புல்வெளி இருட்டு என்பதால் இன்னும் எடுத்துக்காட்டுகிறது.

மூன்றாவது, நாய் முழுவதையும் கொஞ்சம் இருட்டாக்கி அந்தி வெளிச்சத்துக்குப் பொருத்த வேண்டும். அதற்காக மேலே வைக்கும் லேயருக்கும் இதே மாஸ்க் வேண்டுமா?


தூரிகை எழுதியது:

பழைய மாஸ்க்கைத் தூக்கிப் போடவில்லையே, நல்லது. அதுதான் இப்போது கைகொடுக்கும்.

லேயர் மெனுவில் மாஸ்க்குக்குள் 'மாஸ்க் டு செலக்‌ஷன்' கொடுங்கள். செலக்ட் மெனுவில் 'சேவ் டு சேனல்' கொடுத்து அதைப் பத்திரமாக வையுங்கள். செலக்‌ஷன் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அதை 'ஷ்ரிங்க்' செய்து முடிப்பகுதிக்கு உள்ளே வரும்படி சுருக்குங்கள். எவ்வளவு பிக்சல் என்பது உங்கள் படத்தின் அளவைப் பொறுத்தது, முடி தொடங்கும் இடத்தைத் தாண்டி உள்ளே போனால் சரி. இப்போது நீலச் சேனல் நகலைக் கிளிக் செய்து அந்தச் செலக்‌ஷனுக்குள் வெள்ளை நிரப்புங்கள். கண், நாக்கு, நெஞ்சு எல்லா ஓட்டையும் ஒரே அடியில் மூடிவிடும்.

பிறகு சேமித்த சேனலிலிருந்து செலக்‌ஷனை மறுபடி வரவழையுங்கள். இந்த முறை 'குரோ' கொடுத்து முடிநுனிகள் எல்லாம் உள்ளே அடங்கும்படி பெரிதாக்கி, இன்வர்ட் செய்து, அதில் கறுப்பு நிரப்புங்கள். தூரத்தில் உள்ள தரை நிழல் எல்லாம் போய்விடும். பாதத்தை ஒட்டிய நிழல் மட்டும் கையால். சினிமாவில் படங்களை இணைக்கிறவர்கள் உள்ளே நிரப்புவதைக் கோர் மேட் என்றும் வெளியே வெட்டிப்போடுவதைக் கார்பேஜ் மேட் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளையத்தில் மட்டும்தான் நீலச் சேனலுக்கு வேலை.

கடைசியில் லேயர் பேனலில் நாயின் லேயரைக் கிளிக் செய்ய மறக்க வேண்டாம், சேனல் இன்னும் செயலில் இருக்கும். பழைய மாஸ்க்கை நீக்கிவிட்டு, ஆட் லேயர் மாஸ்க்கில் 'சேனல்' என்பதைத் தேர்ந்தெடுத்து நகலைக் காட்டுங்கள். நீக்கும்போது 'டெலிட்' கொடுங்கள், 'அப்ளை' கொடுத்தால் மாஸ்க் லேயரின் ஆல்பாவோடு (லேயரின் ஒளிபுகும் தன்மை) கரைந்துவிடும்.

வெளிறிய நுனிக்கு மாஸ்க்கில் மருந்து கிடையாது. இதைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை. முடிநுனி ஒரு பிக்சலைவிடச் சன்னம். அந்தப் பிக்சலில் கேமரா பதிவு செய்ததே பாதி முடியும் பாதி சுவரும். மாஸ்க் அந்தப் பிக்சலை எவ்வளவு காட்டலாம் என்றுதான் சொல்லும், அதற்குள் இருக்கும் சுவரின் நிறத்தைப் பிரிக்காது. ஆகவே இந்த முறை மாஸ்க்கை விட்டுவிட்டு லேயரின் படத்தையே கிளிக் செய்யுங்கள். பக்கத்து முடியின் நிறத்தை எடுத்து, பிரஷ்ஷை 'டார்க்கன் ஒன்லி' முறையில் வைத்து, நுனிகளின் மேல் தாராளமாக அடியுங்கள். வெளியே வழிந்தாலும் கவலை இல்லை, மாஸ்க்தான் மறைத்துக்கொண்டிருக்கிறதே. வெளிறிய சுவர்நிறம் முடியின் நிறமாக மாறும், முடியின் வடிவம் மாஸ்க்கில் இருப்பதால் கெடாது. போட்டோஷாப்பின் 'செலக்ட் அண்ட் மாஸ்க்' பகுதியில் உள்ள 'டீகன்டாமினேட் கலர்ஸ்' செய்வதும் சாரத்தில் இதுதான். லேயரின் நகல் ஒன்றை அடியில் அணைத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் இது படத்தையே மாற்றுகிற வேலை.

மூன்றாவது கேள்விக்கு, மாஸ்க்கை நகலெடுக்கத் தேவையில்லை. நாயின் லேயரையும் இருட்டாக்கும் லேயரையும் ஒரு லேயர் குரூப்புக்குள் போடுங்கள், மாஸ்க்கைக் குரூப்புக்குக் கொடுங்கள். 2.10-இல்தான் குரூப்புக்கு மாஸ்க் வந்தது, அதற்கு முந்தைய பதிப்பு என்றால் முடியாது. மாஸ்க் ஒன்றே ஒன்று இருந்தால், நாளைக்குக் காதைத் திருத்தினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.


கரித்துண்டு எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சேனல் எல்லாம் சரி, ஆனால் கறுத்த முடியும் வெளிறிய பின்னணியும் என்றால் இவ்வளவு தேவையா என்பது என் கேள்வி.

நாயின் லேயரை நகலெடுத்து அடியில் வையுங்கள். அதன் முறையை 'மல்டிப்ளை' ஆக்குங்கள். லெவல்ஸில் வலது முக்கோணத்தை இழுத்துச் சுவரைச் சுத்த வெள்ளையாக்குங்கள். மல்டிப்ளையில் வெள்ளை காணாமல் போகும், இருட்டு முடி மட்டும் புல்லின் மேல் விழும். முடிக்கு மாஸ்க்கே வேண்டாம். அதன் மேல் சாதாரண முறையில் உள்ள நாய்க்கு உள்ளடங்கிய, நெருக்கமான மாஸ்க். கீழே உள்ளதற்குச் சும்மா தாராளமாக ஒரு மாஸ்க். வெளிறிய நுனி என்ற பிரச்சினையே எழாது, சுவரின் நிறம் வெள்ளையாகிப் போய்விட்டதே.

அதிலும் பிடிக்காத இடத்தில் புது லேயர் போட்டு, ஒரு பிக்சல் இரண்டு பிக்சல் பிரஷ்ஷால் நாலு முடியை வரைந்துவிடுவேன். ஓவியனுக்கு அதுவே சீக்கிரம்.


தூரிகை எழுதியது:

கரித்துண்டு சொல்வது நல்ல வழி. ஒரே நிபந்தனை, புதுப் பின்னணி முடியைவிட வெளிச்சமாக இருக்க வேண்டும். மல்டிப்ளை இருட்டாக்க மட்டுமே செய்யும். அந்தி நேரப் புல் என்கிறாரே, பழுப்பு முடி விழும் இடத்தில் புல் அதைவிட இருட்டாக இருந்தால் முடி கரைந்து போகும். வானம் தெரியும் முதுகுப் பக்கத்துக்கு மல்டிப்ளை, புல்லை ஒட்டிய வால் பக்கத்துக்குச் சேனல் மாஸ்க் என்று பிரித்துக்கொள்ளலாம். முடி வரைவதை நானும் ஏற்கிறேன், வரையத் தெரிந்தவர்களுக்கு. எனக்கு வராது.


வெண்புள்ளி எழுதியது:

சொன்னபடியே பிரித்துச் செய்தேன். முதுகுக்கு மல்டிப்ளை, வாலுக்குச் சேனல். அக்காவுக்குக் காட்டினேன், எது ஒரிஜினல் பின்னணி என்று கேட்டாள்!

கடைசியாக ஒன்று. அச்சுக்கு அனுப்பும் முன் மாஸ்க்கை எல்லாம் அப்ளை செய்ய வேண்டுமா? புல்வெளி இப்போது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, அச்சில் கோடு மறுபடி தெரியுமோ என்றும் பயம்.


தூரிகை எழுதியது:

வேண்டாம். மூலக்கோப்பு கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் ஆகவே இருக்கட்டும், மாஸ்க், சேனல், குரூப் எல்லாம் அதில் உயிரோடு இருக்கும். அச்சுக்கு 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் கிம்ப் தானாகவே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக எழுதும், உங்கள் கோப்பைத் தொடாது. ஜேபெக்கில் லேயரும் கிடையாது, மாஸ்க்கும் கிடையாது, அதை மூலம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோடு தெரியுமா என்று பார்க்க, புல்வெளியை அணைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரே நிறம் நிரப்பிய லேயர் ஒன்றை வையுங்கள். முதலில் அடர் கறுப்பு, பிறகு கண்ணைக் குத்தும் இளஞ்சிவப்பு. மல்டிப்ளை லேயரை அந்த நேரம் அணைத்து வைக்கவும், கறுப்பின் மேல் அது எதையும் காட்டாது. 100 சதவீதப் பெரிதாக்கலில் ஓரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். இந்த இரண்டு நிறத்திலும் தெரியாத கோடு அந்திப் புல்லின் மேல் தெரியாது. காதுக்குப் பின்னால் மட்டும் கவனமாகப் பாருங்கள், அங்கேதான் வழக்கமாக ஒரு துண்டுச் சுவர் ஒளிந்துகொண்டிருக்கும்.